திண்ணையில் தங்கியவர்கள்: ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் விருந்தும் சமயப் பரப்பும்

மலாயாவின் கிறித்துவ சமயப் பரப்பு வரலாற்றில் பேராக் மாநிலத்துச் சித்தியவானுக்குத் தனியிடம் உண்டு. 1903ஆம் ஆண்டு செப்டம்பரில், மெதடிஸ்டு திருச்சபையின் ஏற்பாட்டில், சீனாவின் பூச்சாவ் பகுதியைச் சேர்ந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கு வந்து குடியேறினர். அவர்களை அழைத்து வந்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியரான டாக்டர் லூரிங். நெல் விளைவிக்கும் எண்ணத்தோடு தொடங்கிய குடியேற்றம் சில ஆண்டுகளிலேயே ரப்பருக்கு மாறிற்று. கம்போங் கோ வட்டாரத்து முன்னோடித் தேவாலயமும், அதே 1903இல் தோன்றிய ஆங்கிலோ சீனப் பள்ளியும் அக்குடியேற்றத்தின் எச்சங்களாக இன்றும் நிற்கின்றன.

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கேட்காமல் விடும் வினா ஒன்று உண்டு. இஸ்லாமிய அரசர் ஆளும் மாநிலத்தில், சுற்றிலும் மலாய்க் கம்பங்கள் இருக்க, ஒரு திருச்சபை தன் மக்களைக் கடல் கடந்து அழைத்து வர வேண்டிய தேவை என்ன? விடையின் ஒரு பகுதி சித்தியவானுக்கு அண்மையிலேயே கிடக்கின்றது. 1874ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், பங்கோர்த் தீவருகே நின்ற புளூட்டோ என்னும் கப்பலில் கையொப்பமான உடன்படிக்கை, பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைப் பேராக் சுல்தான் கேட்டு நடக்க வேண்டும் என்றது. மலாயரின் சமயமும் மரபும் மட்டும் அதற்கு விலக்கு. இவ்விலக்கு பாதிரிமாரைத் தடை செய்யவில்லை. ஆனால், மலாய்க் கம்பத்துக்குள் சமயப் பேச்சு நுழைவதை விரும்பாத ஆட்சிமுறையை அது உருவாக்கிற்று. திருச்சபைகள் சீனரையும் தமிழரையும் காட்டுவாழ் பூர்வகுடியினரையும் நாடிச் சென்றன. லூரிங்கே கம்பார் ஆற்றின் மேற்பகுதிச் சக்காய் மக்களின் கிளைமொழியைப் பற்றி 1901இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

ஆகவே பேராக்கில் மலாய் முஸ்லிம் வீட்டு வாயிலில் பாதிரியார் ஒருவர் நின்ற காட்சியை விரிவாகக் காட்டும் இலக்கியச் சான்று ஒன்றை நாம் தேடினால், உடன்படிக்கைக்கு முற்பட்ட மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும்தான் செல்ல வேண்டியுள்ளது. அங்கு நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு நூல். ஆயினும் ஒப்பற்ற நூல். அது முன்ஷி அப்துல்லா பின் அப்துல் காதிர் எழுதிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’. 1843இல் எழுதி முடிக்கப்பெற்று, 1849இல் சிங்கப்பூரில் ஜாவி எழுத்தில் கல்லச்சில் வெளிவந்தது. இந்நூலை விருந்தோம்பியவன் எழுதிய நூலாக வாசிக்க வேண்டும் என்பதே நமது கருத்து. இதுவரை இந்நூல் பெற்றுள்ள இருவகைத் தீர்ப்புகளும் அவ்வாறு வாசிக்கத் தவறியவை என்று கருதுகின்றோம்.

முதல் தீர்ப்பு குடியேற்ற ஆட்சிக்காலத்தது. மூடநம்பிக்கையிலிருந்து விடுபட்ட அறிவொளியாளர், புதிய மலாய் உரைநடையின் தந்தை என்று அது அப்துல்லாவைப் போற்றிற்று. இரண்டாவது, விடுதலைக்குப் பிற்பட்ட தேசியவாதத் திறனாய்வினது. வெள்ளையரின் புகழ்பாடி, பாதிரிமாரின் கையாள் என்று அது அவரை ஒதுக்கிற்று. இரண்டுமே அப்துல்லாவை ஐரோப்பியரோடு அவர் கொண்ட உறவைக் கொண்டே அளக்கின்றன. அவர் யார் வீட்டுப் பிள்ளை, பாதிரியார் வருமுன் அவ்வீட்டில் என்ன இருந்தது என்னும் வினாக்கள் இரண்டிலும் எழவில்லை.

தமிழ் வாசகர்க்கு அவ்வினாக்களைக் கேட்பதற்குச் சிறப்பான வாய்ப்பு உண்டு. அப்துல்லாவின் கொள்ளுப்பாட்டனார் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து மணம் புரிந்த அரேபியர். அவருடைய மகன்களுள் ஒருவரான முகம்மது இப்ராகிம் மலாக்காவுக்கு வந்து, ஷேக் மீரா லெபாய் என்பவரின் மகளை மணந்தார். அப்பெண்ணின் பெயரை ஜாவி எழுத்திலிருந்து ஆங்கிலப் பதிப்பாளர்கள் இடர்ப்பட்டுப் படித்துள்ளனர். அது ‘பெரியாச்சி’ எனக் கொள்ளத் தக்கது. மீரா லெப்பையின் மகள் பெரியாச்சி என்று சொன்னால் நாகூரிலும் காயல்பட்டினத்திலும் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. தாய்வழி முன்னோர் இஸ்லாத்தைத் தழுவிய இந்தியக் குடும்பத்தினர். அப்துல்லாவின் இளமைக் கல்வியில் தமிழும் இடம்பெற்றது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் முன்னோர் காலம் தொட்டு வந்த வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் இந்திய வணிகரோடு பேசிப் பழகவும் அது பயன்பட்டது என்றும் அவரே குறிப்பிடுகின்றார். அவருடைய பாட்டி ஒருவர் கம்போங் பாலியில் பெரும் எண்ணிக்கையிலான சிறுவர் சிறுமியர்க்குக் குர்ஆன் கற்பித்தவர். தந்தை இலக்கணமும் எழுத்தும் அறிந்தவர். கோட்டையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு ஓதக் கற்பித்த இளைஞர் அப்துல்லாவை முதலில் ‘முன்ஷி’ என்று அழைத்தவர்கள் அவர்களேயன்றி வெள்ளையர் அல்லர்.

வில்லியம் மில்ன் 1815இல் மலாக்காவில் வந்து இறங்கியபோது, அங்கு அவருக்கு முன்பே பள்ளி இருந்தது. பல மொழி இருந்தது. ஏடும் எழுத்தும் இருந்தன. அறிவில்லாத ஊருக்கு அறிவு கொண்டுவந்த கதை அன்று இது. கற்பிக்கும் குடும்பம் ஒன்றின் வாயிலுக்குக் கற்க வந்த அந்நியரின் கதை. மில்னுக்கும் தாம்செனுக்கும் அப்துல்லா மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். மெட்ஹர்ஸ்டிடம் அச்சுக்கோக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். கொண்டும் கொடுத்தும் நடந்த உறவு அது.

விருந்தினரை வரவேற்றவர் அதற்கு ஒரு விலையும் கொடுத்தார். பாதிரிமாரிடம் ஆங்கிலம் கற்கச் சென்ற மகனைக் குடும்பத்தார் கண்டித்ததையும், அவன் மதம் மாறிவிடுவான் என்று அயலார் அஞ்சியதையும் நூல் சொல்கின்றது. பிற்காலத்தில் ‘அப்துல்லா பாதிரி’ என்னும் பட்டப்பெயரும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. தமிழிலும் மலாயிலும் வழங்கும் ‘பாதிரி’ போர்ச்சுகீசியரிடமிருந்து பெற்ற ஒரே சொல் என்பதால், அப்பெயரின் கூர்மை நமக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கும். ஆனால், அவர் மதம் மாறவில்லை. 1854இல் ஹஜ்ஜுப் பயணம் சென்றபோது அரபு நாட்டிலேயே உயிர்நீத்தார். பாதிரிமாரோடு சற்றேறக்குறைய நாற்பதாண்டுக் காலம் பழகியும் தம் சமயத்தில் ஊன்றி நின்றவரைக் கையாள் என்பது பொருந்துமா? பயன் கருதாமல் பழகினார் என்றும் நாம் சொல்லவில்லை. அவர் ஊதியம் பெற்றார். தம் மலாய்ப் புலமை குறித்துத் தற்பெருமை பேசுவதில் அவருக்குக் கூச்சமே இல்லை. மலாய் அரசர்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் சில பக்கங்கள் நேர்மையினும் கடுமை மிக்கவை.

நூலின் மிகச் சிறந்த பகுதியாக நாம் கருதுவது, தாம்செனோடு அவர் நடத்திய மொழிச் சண்டை. (இவர் வேறு, பின்னாளில் இந்நூலின் பகுதிகளை ஆங்கிலத்தில் தந்த ஜான் டர்ன்புல் தாம்சன் வேறு.) நற்செய்தி நூலின் மலாய் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியில் இருவரும் அமர்கின்றனர். தாம்சென் ஆங்கில வாக்கிய அமைப்பை மலாயில் ஏற்றுகின்றார். சொற்கள் மலாய்ச் சொற்களே, ஆயினும் இது மலாய் அன்று என்பது அப்துல்லாவின் மறுப்பு. தாம்சென் கேட்பதாக இல்லை. படிப்பவர்கள் பழியைத் தம்மீது போடுவார்களே என்பது அப்துல்லாவின் கவலை. இங்கே சமயவாதம் ஏதும் நிகழவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். முஸ்லிம் ஆசிரியர் கிறித்துவ மறைநூலின் மொழியழகுக்காகப் பாதிரியாரோடு வாதாடுகின்றார்! விருந்தினர் வீட்டுக்குள் வரலாம், அமரலாம், தம் நூலைத் திறக்கலாம். ஆனால், வீட்டின் பேச்சைத் திருத்த அவருக்கு உரிமையில்லை. அப்துல்லா வகுத்த எல்லை இதுதான். சமயத்தைக் காட்டிலும் மொழியிலேயே அவர் அந்த எல்லையைக் காத்தார் என்பது நமது வாசிப்பு.

மலாயில் விருந்தளிப்பவர்க்குப் பெயர் ‘துவான் ரூமா’. வீட்டுக்குத் தலைவர் என்பது பொருள். வெள்ளையரை அழைக்கும் மரியாதைச் சொல்லும் ‘துவான்’தான். அப்துல்லாவின் நூலில் மில்னும் தாம்செனும் ரஃபிள்சும் ‘துவான்’களே. வீட்டுத் தலைவனுக்குரிய சொல் வீட்டுக்கு வந்தவர்க்கு இடம்பெயர்ந்த காலத்தில் நின்று அவர் எழுதுகின்றார். தாம்செனோடு மொழிக்காக மல்லுக்கு நின்ற பகுதிகளை இந்தப் பின்னணியில் வாசித்தால், ‘துவான்’ என்று அழைத்துக்கொண்டே துவானாக இருக்க முயலும் ஒருவரின் குரல் கேட்கின்றது.

பாதிரிமார் தரப்பில் எழுதப்பெற்றவை இதற்கு மாறானவை. மில்ன் 1820இல் மலாக்காவில் வெளியிட்ட நூல், தலைப்பிலேயே தன்னைச் சீனாவுக்கான புரோட்டஸ்தாந்து ஊழியத்தின் முதல் பத்தாண்டு வரலாறு என்று கூறிக்கொள்கின்றது. மலாக்காவில் இருந்து, மலாக்காவில் அச்சிட்டு, சீனாவைப் பற்றி எழுதப்பட்ட நூல் அது. சீனா அடைத்துக்கிடந்ததால் இலண்டன் சங்கத்தார் மலாக்காவில் தங்கினர். தமிழகத்து வீடுகளில் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் திண்ணையைப் போன்றது அவர்களுக்கு இவ்வூர். 1818இல் நிறுவிய ஆங்கிலோ சீனக் கல்லூரி, நான்கிங் உடன்படிக்கையால் சீனத்துறைமுகங்கள் திறந்ததும் 1843இல் ஹாங்காங்குக்குப் பெயர்ந்தது. 1847இல் இலண்டன் சங்கம் சிங்கப்பூரையும் விட்டது. மலாயரோடு இருக்க விரும்பிச் சங்கத்தை விட்டு விலகித் தங்கியவர் பெஞ்சமின் கீஸ்பெரி ஒருவர்தாம்.

புதிதாக வரும் ஊழியர்களை வரவேற்று, தங்கவைத்து, ஊரைக் காட்டிப் பழக்கும் பொறுப்பு அங்கு முன்பே இருக்கும் பாதிரியாரைச் சேர்ந்தது. 1817இல் மெட்ஹர்ஸ்டு வந்தபோது அதைச் செய்தவர் மில்ன். இன்று உலகின் பல பகுதிகளில் திருச்சபைகள் ஓரிரு வாரத் தொண்டர் குழுக்களை அயல்நாட்டு ஊர்களுக்கு அனுப்புகின்றன. அங்கும் அமைப்பு இதுவே. நிலையாகத் தங்கியுள்ள ஊழியர் ஊராருக்கு விருந்தினர். வரும் தொண்டர்க்கு விருந்தளிப்பவர். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இருபக்கமும் முகம் காட்ட வேண்டிய நிலை இது. சிக்கல் என்னவென்றால், வந்த தொண்டர்க்குத் தம்மை அழைத்தவரே வீட்டுக்காரராகத் தோன்றுவார். அவருக்கே இடம் கொடுத்த ஊர் கண்ணில் படாது. ஊருக்குத் திரும்பியபின் எழுதப்படும் அறிக்கைகளில் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம், எத்தனை பிள்ளைகள் பாட்டுக் கேட்டனர் என்பவை இருக்கும். யார் வீட்டுப் பாயில் அமர்ந்தோம் என்பது இருப்பது அரிது. நன்கொடையாளரை நோக்கி எழுதப்படும் எழுத்துக்கு இஃது இயல்பு எனலாம். இயல்பு என்பதால் குறை குறையாகாமல் போய்விடுவதில்லை.

‘ஹிக்காயாட் அப்துல்லா’ பிறந்த விதத்தில் இந்தச் சிக்கல் விந்தையான உருக்கொள்கின்றது. வாழ்க்கை வரலாற்றை எழுதுமாறு 1840இல் அப்துல்லாவைத் தூண்டியவர் ஆல்ஃபிரட் நார்த் என்னும் அமெரிக்கப் பாதிரியார். அவரை அனுப்பிய அமெரிக்கச் சங்கமே யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் தமிழ் ஊழியம் நடத்தியது. நூலை அச்சேற்றியது கீஸ்பெரியின் அச்சுக்கூடம். ஆக, விருந்தினர் கேட்க வீட்டுக்காரர் தம் கதையைச் சொன்னார். விருந்தினரே அதை அச்சிட்டார். இதைக் கொண்டு நூலைப் பாதிரிமாரின் ஆக்கம் என ஒதுக்குவோர் உண்டு. நமக்கு அது ஏற்புடையதாக இல்லை. தாம்செனின் பிடிவாதத்தை ஒளிக்காமல் எழுதி, அதைப் பாதிரியாரின் அச்சிலேயே ஏற்றிய துணிவு கையாளுக்கு வாய்ப்பதன்று. மலாயில் ஒருவர் தம்மையே பொருளாகக் கொண்டு நடப்பியலாக எழுதிய முதல் பெருநூல் இது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக ‘விருந்து’ என்பதைச் சொல்லி, புதுவதாகப் புனையும் யாப்பை அதனால் சுட்டும். அந்நியர் வருகையால் ஒரு மொழிக்குப் புதிய இலக்கிய வகை கிடைத்தது என்ற வகையில் அச்சொல்லின் இரு பொருளும் இந்நூலில் சந்திக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு நூலின் பெருங்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விருந்தோம்பலில் பாதிக்கு மேல் பெண்டிர் செய்வது. தமிழ் மரபு அதை இல்லாளின் கடமையாகவே வைத்தது. அப்துல்லாவின் நூலிலோ கம்போங் பாலியில் ஓதக் கற்பித்த பாட்டியைக் கடந்தால் பெண்கள் மங்கிவிடுகின்றனர். பாதிரிமாரின் வருகைகளைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அடுப்படியில் இருந்தவர்கள் அவ்வருகைகளை எவ்வாறு கண்டனர் என்பதை எழுதவில்லை. மகளை இழந்த துயரில் அவர் தனியே ஒரு சிறுநூல் எழுதியவர் என்பதால் அன்பற்றவர் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்காரனின் நூல் வீட்டின் நூலாக முழுமை பெறவில்லை, அவ்வளவே.

வகுப்பறையில் இந்நூலை நாம் கையாளத் தயங்குவதற்கு இரு காரணங்கள் உண்டு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் 1887இல் வெளிவந்த ‘சிங்கை நகரந்தாதி’யையும் அதனை ஒட்டிய காலத்து அச்சு நூல்களையும் முன்னிறுத்தித் தொடங்குகின்றன, மலாயில் எழுதிய தமிழ்வழியினர் அவ்வரலாற்றுக்குள் வருவதில்லை. அப்துல்லாவைத் தமிழர் என்று உரிமை கொண்டாட வேண்டும் என்பதன்று நமது வேண்டுகோள். அவர் தம்மை அவ்வாறு எண்ணவில்லை; மலாயரைக்கூடப் பல இடங்களில் ‘அவர்கள்’ என்றே சுட்டுகின்றார். தமிழ் அறிந்தவர்கள் வாசித்தால்தான் அந்நூலில் சில கதவுகள் திறக்கும் என்பதே நாம் சொல்ல வருவது. இரண்டாவது காரணம் சமயம். கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கின்றது. பேராக் மாநிலம் 1988இல் அத்தகைய சட்டம் இயற்றிற்று. கத்தோலிக்க வார ஏடான ‘ஹெரால்ட்’, தன் மலாய்ப் பகுதியில் இறைவனைக் குறிக்க ‘அல்லாஹ்’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவது பற்றிய வழக்கில், 2009இல் உயர்நீதிமன்றம் ஏட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. அதே ஏட்டின் தமிழ்ப் பகுதிக்கு அச்சிக்கல் எழவேயில்லை. மறைநூலின் மலாய் யாருடையது என்று அப்துல்லாவும் தாம்செனும் ஒரு மேசையில் வாதிட்டதை நீதிமன்றங்கள் மீண்டும் கேட்க நேர்ந்தது. அம்மேசையில் குரல் உயர்ந்திருக்கலாம். ஆயினும் மறுநாளும் இருவரும் அங்கே அமர்ந்தனர். மாணவர்க்கு இதைக் காட்டாமல் விடுவது அச்சத்தால் என்றால், அவ்வச்சம் நூலைப் படியாமையால் வருவது.

இனிப் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வருவோம். கம்பத்துக் கதவு மூடியிருந்ததால் திருச்சபைகள் தமிழரை நாடியதை முன்னர்க் கண்டோம். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தமிழரும் விருந்தோம்பியவர்களே. ஆனால், அப்துல்லாவின் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. அவருக்கு மலாக்காவில் சொந்தமாக வீடும், குடும்பப் பெயரும், கற்பிக்கும் தொழிலும் இருந்தன. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடமிருந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தின் எல்லைக்குள் வெளியார் வருவது துரையின் அனுமதியைப் பொறுத்தது; கிராணியும் கங்காணியும் அதற்கு இடைநின்றனர். வீட்டுக்குள் இருந்தவர் திண்ணைக்கும் உரிமையாளர் அல்லர். அந்நிலையில் வந்தவர்க்குக் கொடுத்த ஒரு குவளைத் தேநீரை எவ்வாறு பொருள்கொள்வது? அன்பா, மரியாதையா, மறுக்க இயலாமையா? தோட்டப்புறச் சிறுகதைகளைச் சமயம் மாறிய குடும்பம், மாறாத குடும்பம் என்று மட்டுமே பிரித்துப் பார்க்கும் திறனாய்வு இவ்வினாவுக்கு வரவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயங்கள் பெரும்பாலும் கலைந்துவிட்டன. அவற்றில் பிறந்து வளர்ந்து இன்று எழுபதைக் கடந்தவர்கள் சித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் தெலுக் இந்தானிலும் இருக்கின்றார்கள். இவ்வட்டாரத்துத் தமிழாசிரியர்கள் தம் மாணவரைத் தாத்தா பாட்டியரிடம் அனுப்பி எழுதிவரச் செய்யலாம். கேட்க வேண்டியவை எளியவை: ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்கு வெளியிலிருந்து யார் வந்தார்கள், எந்த மொழியில் பேசினார்கள், அவர்களை எங்கே உட்கார வைத்தீர்கள், சமைத்தது யார், அவர்கள் போன பிறகு வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்.